அந்தரத்தில் நின்ற தொட்டி

ஆயுத பூஜை அன்றைக்கு பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் தையல் மெஷின் ஓடும். கடகடவென்று தெருமுனை வரைக்கும் கேட்கும். மற்ற வீடுகளில் அரிவாள்மனைக்குக்கூடப் பொட்டு வைத்து மூலையில் சாத்தியிருப்பார்கள். சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் பம்பைக் கழுவித் துடைத்துச் சாமந்தி சுற்றி வைத்திருப்பார். வண்டி மாடுகளுக்குக்கூட அன்றைக்கு ஓய்வு. ஊரே பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஒரு வீட்டின் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த கறுப்பு மெஷின் ஒரு பூ இல்லாமல், ஒரு பொட்டு இல்லாமல், வெறும் நெற்றியோடு ஓடிக்கொண்டிருக்கும்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா பொறுக்க முடியாமல் ஒரு தடவை ஜன்னலுக்கே வந்து கேட்டுவிட்டார். "ஏம்மா, உனக்குச் சாமி பயமே கிடையாதா? நாளும் கிழமையுமா இப்படி மெஷினை மிதிக்கிறியே!" அண்ணி காலை நிறுத்தவே இல்லை. "மெஷினுக்கு வலிச்சா அதுவே சொல்லும் பெரியம்மா. நீங்க போய்ப் பொரி தின்னுங்க" என்றாள். பெரியம்மா அதிர்ந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனவர், தீபாவளி வரைக்கும் எங்களோடு பேசவில்லை.

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்காவை. எங்கள் பக்கத்தில் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுடைய கணவரை நான் அண்ணன் என்பேன்; என் வீட்டுக்காரருக்கு அவர் மாமா. இந்த நாலு பேருக்குள்தான் கதை. அண்ணி ஏன் அப்படி மெஷினை மிதித்தாள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு அந்த மலையில் இருந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் ஒன்றும் மறக்கவில்லை.

சிக்கமகளூரைத் தாண்டி, காப்பித் தோட்டங்களையும் தாண்டி, மேகம் தரையில் புரளும் உயரத்தில் இருந்தது அந்த இரும்புச் சுரங்கம். சுரங்கம் என்றால் பூமிக்குள் இறங்குகிற குழி என்று நினைத்துக்கொண்டுதான் அல்சூரிலிருந்து கல்யாணமாகிப் போனேன். போய்ப் பார்த்தால் மலையின் உச்சியையே வெடி வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கல் சிவப்பு, மண் சிவப்பு, மழைத் தண்ணீர் சிவப்பு. நான் கட்டிக்கொண்டு போன மஞ்சள் சேலை முதல் துவையலிலேயே செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. மிளகாய்த்தூள் அரைக்கிற இடத்தில் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று ஒரு மூச்சு அழுதேன். மழை ஆரம்பித்தால் லேசில் விடாது. வாசலில் கால் வைத்தால் அட்டை ஏறும். உப்பு மூட்டை இல்லாத வீடே அங்கே கிடையாது. சமையலுக்கு ஆனதைவிட அட்டைக்கு ஆன உப்புதான் ஜாஸ்தி.

அந்த அழுகையை நிறுத்தினது அண்ணிதான். எங்களுக்குப் பக்கத்துத் தகர வீட்டில் அவர்கள் இருந்தார்கள். முதல் நாளே வந்து என் காலில் ஒட்டியிருந்த அட்டையை உப்பு வைத்து உருட்டி எறிந்துவிட்டு, "அழுவாத. இந்த மலையில உன்ன விரும்பி ஒட்டிக்கிட்ட மொத ஆளு இதுதான்" என்றாள். சிரித்துவிட்டேன். அவளுக்கு வாய் அப்படி. அண்ணனையும் விடமாட்டாள். அவர் வேலை கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் போடுவது. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது தலை முதல் கால் வரை எண்ணெய் வாடை அடிக்கும். "எங்க வூட்டுல விளக்குக்கு எண்ணெய் வாங்கறதே இல்ல. இந்த மனுசனப் பிழிஞ்சாப் போதும்" என்பாள். அவர் சத்தமில்லாமல் சிரித்துக்கொள்வார். பேச்சு குறைந்தவர், பக்தி நிறைந்தவர். காலையில் திருநீறு பூசாமல் எண்ணெய்க் குடுவையைத் தொடமாட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர்தான் கொஞ்சிக்கொண்டார்கள். அவர் வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்கு அவள் மேட்டு ஓரத்தில் நின்று கையை ஆட்டுவாள்; பள்ளத்தாக்கின் நடுவிலிருந்து அவர் விசிலடிப்பார். புதுசாகக் கல்யாணமான எனக்கே கூச்சமாக இருக்கும்.

கயிற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. வெட்டின கல்லை மலையடிவாரத்துக்கு இறக்க ரோடு போதாது என்று, மேல் ஸ்டேஷனிலிருந்து கீழ் ஸ்டேஷன் வரை பெரிய இரும்புக் கம்பங்கள் நட்டுக் கம்பிக்கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றில் வரிசையாக இரும்புத் தொட்டிகள் தொங்கும். மேலே கல்லை நிரப்பி விட்டால் அந்தக் கனத்திலேயே ஒரு பக்கம் தொட்டிகள் இறங்கும். அந்த இழுப்பிலேயே மறுபக்கம் காலித் தொட்டிகள் மேலே ஏறும். எஞ்சின் ஒன்றும் வேண்டாம். மேல் ஸ்டேஷனில் வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு பிரேக்குச் சக்கரம் இருந்தது. தளர்த்தினால் கயிறு ஓடும், இறுக்கினால் நிற்கும். அந்தச் சக்கரம் என் வீட்டுக்காரரின் பொறுப்பு. அண்ணன் தொட்டியில் ஏறிப் போய், ஒவ்வொரு கம்பத்திலும் இறங்கி உருளைக்கு எண்ணெய் விட்டுவிட்டு, அடுத்து வரும் தொட்டியைப் பிடித்து ஏறுவார். அவரைத் தவிர வேறு யாரும் தொட்டியில் ஏறக்கூடாது என்று சட்டம். கீழே பார்த்தால் மரங்கள் கொத்துமல்லிக் கட்டு மாதிரித் தெரியும். நான் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. இரண்டு ஸ்டேஷனிலும் கைப்பிடியைச் சுற்றிப் பேசும் டெலிபோன் வைத்திருந்தார்கள். அண்ணன் கீழேயிருந்து தொட்டி ஏறினதும் கீழ் ஸ்டேஷன்காரர்கள் மேலே கூப்பிட்டு, "ஆள் ஏறியாச்சு" என்று சொல்லிவிட வேண்டும். அவர் மேலே வந்து இறங்கும் வரை என் வீட்டுக்காரர் பிரேக்கை இறுக்கமாட்டார். போன் வரவில்லை என்றால் ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறார் என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிற ஏற்பாடு. ஒரு நாளும் தவறினதில்லை.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்குப் பெரிய அதிகாரி குடும்பத்தோடு மைசூருக்குத் தசரா பார்க்கப் போய்விட்டார். மலை முழுக்க எங்கள் ராஜ்யம். பூவும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் காலையிலேயே லாரியில் வந்து இறங்கின. மேளக்காரர்களும் வந்தார்கள். கீழ் ஊரிலிருந்து பூஜைக்கு வந்த பட்டர், ராகு காலம் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்று வந்ததிலிருந்தே விரட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு ஒரு ஆசை. மெஷினுக்கெல்லாம் மாலை போடுகிறோம், வருஷம் பூரா கயிற்றைத் தூக்கிப் பிடிக்கிற கம்பங்கள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று, கூடை நிறையச் சாமந்தி மாலையை எடுத்துக்கொண்டு தொட்டியில் ஏறினார். அவருக்காகவே கொஞ்ச நேரம் கயிற்றை ஓட்டினார்கள். அண்ணி ஓரத்தில் நின்று, "கம்பத்துக்கெல்லாம் மாலை! எனக்கு ஒரு முழம் உண்டா?" என்று கத்தினாள். அவர் கூடையிலிருந்து ஒரு மாலையை எடுத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சிரித்தார். அப்புறம் பனி மூடிக்கொண்டது.

பனி என்றால் பெங்களூர்ப் பனி இல்லை. கையை நீட்டினால் விரல் தெரியாது. அண்ணன் கம்பம் கம்பமாக மாலை போட்டுக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தார். கீழ் ஸ்டேஷனில் பூஜை முன்கூட்டியே நடந்துகொண்டிருந்தது. கற்பூரம் ஒற்றிக்கொண்டு, சாப்பிடச் சொன்னவர்களிடம், "வூட்டுல இலை போட்டு வெச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு, மேலே ஏறும் தொட்டியில் ஏறிவிட்டார். இதெல்லாம் நாங்கள் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. ஏறினதும் போன் செய்ய வேண்டுமே? செய்யப் போனார்கள். போனால், டெலிபோன் பெட்டிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, காதில் வைக்கிற குழலுக்கு மல்லிகைச் சரம் சுற்றிப் பூஜை முடித்திருந்தார்கள். பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது. அதனால் தொடவில்லை. அவ்வளவுதான். ஒருத்தர் உயிர் தொங்குகிற கம்பிக்கு ஒரு சரம் மல்லிகையைச் சுற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

மேலே என் வீட்டுக்காரர் போனுக்குக் காத்திருந்தார். மணி அடிக்கவில்லை. சரி, மாமா கீழேயே பூஜை பார்த்துவிட்டு அங்கேயே சாப்பிடுகிறார் போல என்று நினைத்தார். பட்டரோ, "ஹொத்தாயித்து, ஹொத்தாயித்து" என்று நேரமாகிவிட்டதைச் சொல்லிச் சொல்லி உயிரை வாங்கினார். இவர் பிரேக்கை இறுக்கினார். கயிறு நின்றது. கீழே இருந்தவர்கள் கயிறு நின்றதைப் பார்த்து, ஆள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நிம்மதியாக இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த மலையில் அன்றைக்கு எல்லாரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு எரிகிறது.

பிரேக்குச் சக்கரத்துக்குப் பெரிய மாலை. அடியில் எலுமிச்சம்பழம். மேளம் முழங்க, குங்குமம் தடவின பூசணிக்காயை உடைத்தார்கள். பொரி, சுண்டல், வடை, பாயசம் என்று வயிறு முட்டச் சாப்பிட்டோம். பட்டர் தட்சணையை வாங்கிக்கொண்டு லாரியில் இறங்கிப் போனார். அண்ணி மட்டும் சாப்பிடவில்லை. ஒரு இலையில் எல்லாவற்றையும் பரிமாறி, மேலே இன்னொரு இலையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "மாமா எங்கடா?" "கீழதான்கா இருப்பாரு. அங்கயும் பூஜைதானே, சாப்பிடச் சொல்லியிருப்பாங்க." "அவரு நாள் கிழமையில வெளிய சாப்பிட மாட்டாருடா." "நீ ஒண்ணு. ஒரு நாள் சாப்பிட்டா என்ன? போன் பண்ணிக் கேக்கலாம்னா அதுக்கும் பொட்டு வெச்சாச்சு." அவர் பாயில் சாய்ந்துகொண்டார். அண்ணி எழுந்து மேட்டு ஓரத்துக்குப் போய் நின்றாள். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைச் சுவர் மாதிரி பனி.

வெகுநேரம் கழித்துப் பனி விலகியது. யாரோ துணியை உருவினது போல ஒரே இழுப்பில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. ஒரு பக்கம் கல் நிரம்பிய தொட்டிகள், மறுபக்கம் காலித் தொட்டிகள், எல்லாம் அசையாமல் தொங்கின. அதில் ஒன்றில் மட்டும் மஞ்சளாக என்னமோ தெரிந்தது. சாமந்தி மாலை. அந்த மாலைக்குள் ஒரு தலை. துண்டை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு கை.

அண்ணி கத்தவில்லை. அவள் பிடித்த பிடியில் என் கை வளையல் உடைந்து, மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். "டேய், கயித்தை விடுடா! மாமா நடுவுல மாட்டிக்கிட்டாருடா!" என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் போனார். போனவர் நின்றார். கை மாலை வரைக்கும் போய், நின்றுவிட்டது.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அத்தனை ஆண்கள் கூடிவிட்டார்கள். பாறையில் துளை போட்டு வெடி வைக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் அத்தனை பேரும் ஒரு மாலைக்கு முன்னால் நின்றார்கள். போன வருஷம் பூஜை நாளில் கல் உடைக்கிற மெஷினைச் சும்மா ஒரு தடவை சுழற்றிப் பார்த்தவனுக்கு மறு வாரமே விரல் போனதை ஒருவர் ஞாபகப்படுத்தினார். பட்டரைத் திரும்பக் கூட்டிவரலாம், அவர் ஏதாவது மந்திரம் சொல்லி மாலையை இறக்கட்டும் என்றார் இன்னொருவர். லாரி அடிவாரம் போய்ப் பட்டரைத் தேடிப் பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மறுபடி பனியும் மழையும் வரும். அண்ணன் உடம்பில் இருந்ததோ ஒரு பருத்திச் சட்டை. பெரிய மேஸ்திரி கன்னடக்காரர், நல்ல மனிதர், என் தகப்பனார் வயது. அவரே கையெடுத்துக் கும்பிட்டு, "பேட தாயி, முட்டபேட" என்றார். தொடாதே தாயே என்று கெஞ்சினார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அக்கா… மழை இல்ல. தொட்டி கெட்டியாத்தான் இருக்கு. விடியட்டும்கா. காலையில மொத வேலையா…"

நான் அதிர்ந்துபோனேன். என் கழுத்தில் தாலி கட்டின மனிதரா இதைச் சொல்கிறார்! தங்கமானவர், ஒரு எறும்பை மிதிக்கமாட்டார். அந்த வாயிலிருந்து விடியட்டும் என்று வந்தது.

அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "விடியட்டுமா? உன் பொண்டாட்டி அங்க தொங்கினா விடியறவரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பியாடா?" என்று கேட்டாள். மாலையைப் பிடித்து இழுத்து அறுத்தாள். குத்துவிளக்கு காலில் பட்டு உருண்டது. எலுமிச்சம்பழம் காலடியில் நசுங்கியது. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து முழுபலத்தோடு திருப்பினாள். அவளுக்கு அதன் சூட்சுமம் தெரியாது. கயிறு ஒரேயடியாக உதறிக்கொண்டு கிளம்பியது. வரிசையாக எல்லாத் தொட்டியும் ஊஞ்சல் மாதிரி ஆடின. அந்த மாலை தெரிந்த தொட்டி பக்கவாட்டில் சாய்ந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. பாய்ந்து அவள் கையின் மேலேயே கையைப் போட்டுச் சக்கரத்தைப் பதமாக இறுக்கினார். கயிறு நிதானத்துக்கு வந்தது. அக்காளும் தம்பியும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, தொட்டி தொட்டியாக, அவரை மேலே கொண்டுவந்தார்கள்.

அண்ணன் இறங்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது. குரல் இல்லை, தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது. கழுத்தில் சாமந்தி கசங்கித் தொங்கியது. அண்ணி சக்கரத்தை விட்டுவிட்டு அவர் பக்கம் போனாள். அவர் சுற்றிலும் எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். தரையில் கிடந்த அறுந்த மாலையைப் பார்த்தார். உருண்டு கிடந்த விளக்கைப் பார்த்தார். பிறகு அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"பூஜை போட்ட மிஷினத் தொட்டியாடி நீ?" காற்றாகத்தான் வந்தது அந்தக் குரல். எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணே!" என்று நான் அலறினேன். யாருமே அசையவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற நீளாத கைகள், அடித்த கையைத் தடுக்கவும் நீளவில்லை. அண்ணி கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. அவர் முகத்தைப் புதுசாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள். மூடி வைத்திருந்த இலையை அப்படியே மடித்துக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, "அடிச்சதுக்கு இல்லடி" என்றாள். "அவரு உசுரோட வந்து நிக்கறாரு. இத்தன பேர்ல ஒருத்தன் மூஞ்சியிலயாவது சந்தோசம் இருந்துச்சா? எல்லாவனும் என் கையத்தான் பாத்தானுங்க."

மறுநாள் காலையில் பட்டர் வந்து பரிகார பூஜை செய்தார். அவரை ஏற்றிவந்த லாரியிலேயே அண்ணி ஒரு துணி மூட்டையோடு ஏறிக் கீழே போய்விட்டாள். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். என்ன ஆகுமோ என்று மலை முழுக்கப் பயந்து கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. கயிறு வழக்கம்போல ஓடியது. ஒரு ஆணிகூடக் கழலவில்லை. அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவே இல்லை.

ஜோகுபாளையத்தில் அக்காளும் தம்பியும் பிறந்த வீடு இருந்தது. அங்கேதான் அண்ணி போய்ச் சேர்ந்தாள். பழைய மெஷின் ஒன்றை வாங்கித் தையல் பழகினாள். என் வீட்டுக்காரருக்கு மலைக் குளிரில் நெஞ்சு கெட்டுப்போய் நாங்களும் பெங்களூர் வந்து அதே வீட்டின் பின்கட்டில் குடியேறினபோது, உலகச் சண்டைக் காலம் ஆரம்பித்திருந்தது. இன்றைக்குச் சிவாஜிநகர் என்கிறார்களே, அந்தப் பிளாக்பள்ளிக் கடை ஒன்றிலிருந்து சிப்பாய்களின் காக்கிச் சட்டைக்கு வெட்டின துணி மூட்டை மூட்டையாக வரும். வருஷம் பூரா தைப்பாள். ஆயுத பூஜை அன்றைக்கு விடிந்ததிலிருந்தே உட்கார்ந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில் தங்கமாட்டார். அந்தச் சத்தம் கேட்க முடியாமல் அல்சூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருப்பார். போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

அப்படி ஒரு ஆயுத பூஜை அன்றுதான் அண்ணன் வந்தார். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, கையில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றார். மலை வேலையை விட்டுவிட்டாராம். அண்ணி பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி காலை மிதித்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். உள்ளே வாங்க என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் அறைந்த சத்தம் அப்போதும் என் காதில் இருந்தது.

மெஷினின் தோல் வார் சக்கரத்திலிருந்து கழன்றுகொண்டது. சத்தம் நின்றது. அண்ணி குனிவதற்குள் அவர் எழுந்து வந்தார். தரையில் உட்கார்ந்து வாரை மாட்டினார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, மூக்கு நீண்ட அந்தப் பழைய எண்ணெய்க் குடுவையை எடுத்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை அன்றைக்கு, பொட்டில்லாத மெஷினுக்கு, துளைக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டார். அந்தக் கை! அந்த மனிதர்!

தலையை நிமிர்த்தாமலே பேசினார். "மேளச் சத்தம் கேட்டுச்சு. பூசணிக்கா ஒடச்ச சத்தம்கூடக் கேட்டுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, என்ன மறந்துட்டாங்கன்னு. கத்தினேன். சாமி பேரு ஒண்ணும் வாயில வரலடி. உன் பேரத்தான் கூப்பிட்டேன். தொண்ட கிழியற வரைக்கும் சின்னப் பய மாதிரி அழுதுகிட்டே கூப்பிட்டேன். மேல வந்து எறங்கினா அத்தன பேரும் என் மூஞ்சையே பாக்கறாங்க. எல்லாருக்கும் கேட்டிருக்கும்னு நெனச்சுட்டேன். வெக்கம். கை நீண்டுடுச்சு."

யாருக்கும் கேட்கவில்லை. மேளத்தில் ஒருவருக்கும், ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. யாருமே கேட்காத ஒன்றுக்காக வெட்கப்பட்டு அந்த மனிதர் அறைந்திருக்கிறார். அதற்காக இத்தனை வருஷம் இரண்டு பேரும் இரண்டு ஊரில் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஓங்கி அழ வேண்டும் போலவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

அண்ணி ஊசிக்கு அடியிலிருந்த துணியை வெளியே எடுத்துப் பார்த்தாள். "எண்ணெய் ஜாஸ்தியாயிடுச்சு. காக்கியில கறை படும்" என்றாள். ஒரு பழைய துணியால் மெஷினைத் துடைத்தாள். நிதானமாக, எல்லா இடமும் துடைத்தாள். அப்புறம், அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "சாப்பிட்டீங்களா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். அண்ணி எழுந்து போய் இலையைக் கழுவினாள்.

மன்னித்தாளா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த மெஷின் ஓடியது; அவள் தைப்பாள், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எண்ணெய் போடுவார். எதிர்வீட்டுப் பெரியம்மா இரண்டு பேரையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இப்போது இருவரும் இல்லை. மெஷினும் குடுவையும் என்னிடம் வந்துவிட்டன. இன்றைக்கு ஆயுத பூஜை. காலையிலிருந்து தெருவில் வண்டிகளைக் கழுவி வாழைக்கன்று கட்டுகிறார்கள். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். என் மருமகள் குங்குமத் தட்டோடு வந்து நின்றாள். "அத்தே, மெஷினுக்கு மட்டும் ஒரே ஒரு பொட்டு வைக்கட்டுமா?" என்று கெஞ்சினாள். நல்ல பெண். "அடுப்புக்கு வைம்மா, கதவுக்கு வை, எங்க வேணும்னாலும் வை. இதுக்கு வேணாம்" என்றேன். அண்ணனின் குடுவையை எடுத்து, துளைக்கு ஒரு சொட்டு விட்டேன், ஜாஸ்தி இல்லை. மூட்டு வலிக்கத்தான் செய்தது. உட்கார்ந்து காலை அழுத்தினேன்.

தெருமுனை வரைக்கும் கேட்கட்டும்.